தண்டு பிறந்த கதை – 4: ராணியின் தூது

1796ஆம் ஆண்டு, ஸ்ரீரங்கப்பட்டணம். பெயரளவில் அரசராக வைக்கப்பட்டிருந்த காச சாமராஜ உடையார் பெரியம்மை கண்டு இறந்துபோனார். அவருக்கு இரண்டு வயதில் ஒரு மகன் இருந்தான். வழக்கப்படி அந்தக் குழந்தையை அரசனாக அறிவித்திருக்க வேண்டும். திப்பு சுல்தான் அறிவிக்கவில்லை. அரண்மனையில் இருந்த பொருள்கள் வாரிச் செல்லப்பட்டன. உடையார் குடும்பத்துப் பெண்களும் அந்தக் குழந்தையும் ஓர் எளிய வீட்டுக்கு மாற்றப்பட்டார்கள். அரண்மனை நூலகத்தின் ஏடுகள் குதிரைகளுக்குக் கொள்ளு வேகவைக்கும் அடுப்பில் எரிக்கப்பட்டன என்று, பின்னாளில் மைசூரில் ரெசிடெண்டாக இருந்த மார்க் வில்க்ஸ் எழுதிவைத்திருக்கிறார்.

அந்த வீட்டில் ஐம்பத்து நான்கு வயதுப் பெண்மணி ஒருவர் இருந்தார். கணவரையும் சேர்த்து நான்கு அரசர்களை அவர் இழந்திருந்தார். கையில் பணம் இல்லை, படை இல்லை, வாசலில் காவல். மூன்றே ஆண்டுகளில் அந்தக் குழந்தை மைசூர் அரியணையில் அமர்ந்தது. மைசூரின் புதிய ஏற்பாட்டை ஒப்புக்கொண்டு ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பினிக்கு எழுதிய கடிதத்தில் முதற்பெயர் அந்தப் பெண்மணியுடையது: லட்சுமி அம்மண்ணி.

சென்ற இதழில் ஹொய்சளர் அவைக்குப் போயிருந்தோம். நாட்டியத்தாலும் அறிவாலும் விஷ்ணுவர்த்தனனின் பட்டத்து ராணியாக உயர்ந்து, 1131இல் பெங்களூருக்கு அருகிலுள்ள சிவகங்கையில் மறைந்த சாந்தலையைப் பார்த்தோம். அவளைக் கன்னட நாவலாசிரியர்கள் கைவிடவே இல்லை. பெங்களூரில் உடற்பயிற்சிக் கூடம் நடத்திய கே.வி. ஐயர் ‘சாந்தலா’ எழுதினார். சி.கே. நாகராஜ ராவ் பல நூறு பக்கங்களுக்கு ‘பட்டமகாதேவி சாந்தலதேவி’ எழுதி மூர்த்திதேவி விருது பெற்றார். நாவலுக்கு வேண்டியதெல்லாம் சாந்தலையிடம் உண்டு: அழகு, கலை, காதல், போட்டி, மலையுச்சியில் ஒரு மரணம். லட்சுமி அம்மண்ணியின் கதையில் இவை எதுவும் இல்லை. காத்திருப்பும், தத்தெடுப்பும், எல்லை தாண்டிப் போன கடிதங்களுமே அதில் உண்டு. ஆனாலும் இந்தத் தொடருக்குச் சாந்தலையைவிட இவரே முக்கியமானவர். காரணத்தைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

பெங்களூரில் நான் குடியிருக்கும் ஈஜிபுராவில் காலை நேரத்து டீக்கடையில் நின்றால் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே பேச்சில் கலந்து வரும். வடக்கே தோம்லூர், மேற்கே விவேக்நகரும் ஆஸ்டின் டவுனும் நீலசந்திராவும். வியாழக்கிழமைகளில் விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை என்று எண்ணி மாளாது. அருகே அகரத்தில் ராணுவ நிலத்தின் நீண்ட மதில். பக்கத்திலிருந்த சின்னகரா ஏரி இன்று வீடுகளுக்கு அடியில் போய்விட்டது. இந்த வட்டாரத்துத் தமிழர்களிடம் ‘எப்போது வந்தீர்கள்?’ என்று கேட்டால், ‘தாத்தாவுக்குத் தாத்தா தண்டுக்கு வந்தார்’ என்பார்கள். தண்டு என்றால் கண்டோன்மெண்ட். அந்தத் தண்டு இந்த ஊரில் அமைந்ததற்கு ஓர் அரசியல் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தின் நூலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், காவலில் இருந்த ஒரு ராணியின் அறைக்குத்தான் போய்ச் சேருகிறோம்.

தமிழ் இங்கே தண்டோடுதான் வந்தது என்று நான் சொல்லவில்லை. தோம்லூர்ச் சொக்கநாதர் கோயிலில் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பதை இரண்டாம் பகுதியிலேயே பார்த்தோம். ஊரை அவை தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் குறிக்கின்றன. ஆனால் கல்வெட்டு வைத்த வணிகர்களின் சந்ததிக்கும் இன்று ஈஜிபுராவில் வாழும் தமிழர்களுக்கும் நடுவே தொடர்ச்சியைக் காட்டுவது கடினம். தண்டுத் தமிழர்களின் கதைக்குத் தொடக்கம் 1799.

*

மைசூர் அரசர் இரண்டாம் கிருஷ்ணராஜ உடையார் 1734 முதல் 1766 வரை அரியணையில் இருந்தார், ஆட்சியில் இல்லை. ஆட்சி தளவாய் தேவராஜையாவிடமும் அவர் தம்பி நஞ்சராஜையாவிடமும் இருந்தது. அந்த நஞ்சராஜையா தமிழ்நாட்டுக்குள் ஒரு பெரிய சூதாட்டம் ஆடினார். ஆற்காட்டு நவாப் முகமது அலி, சந்தா சாகிபுக்கு எதிராகத் துணைக்கு வந்தால் திருச்சிராப்பள்ளியைத் தருகிறேன் என்றார். நஞ்சராஜையா படையோடு வந்தார். 1752இல் சந்தா சாகிப் வீழ்ந்தார். முகமது அலி சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை. திருச்சியைப் பிடிக்க மைசூர்ப் படை ஆண்டுக்கணக்கில் சுற்றிச் சுற்றி நின்றது. மைசூரின் கருவூலம் அங்கே கரைந்தது. சம்பளம் கிடைக்காத படைவீரர்கள் தலைநகரில் கலகம் செய்தார்கள். அந்தக் கலகங்களை அடக்கியும், பாக்கிகளைத் தீர்த்தும், படிப்படியாகப் படையைத் தன் கையில் எடுத்துக்கொண்டவர் திண்டுக்கல்லில் பௌஜ்தாராக (படைத் தலைவராக) இருந்த ஹைதர் அலி.

லட்சுமி அம்மண்ணி பிறந்தது 1742இல். கத்தி கோபாலராஜ அர்சின் மகள். குடும்ப வரலாறுகள் அவரைத் திருச்சிராப்பள்ளியோடு இணைத்தே பேசுகின்றன. கிருஷ்ணராஜ உடையாருக்கு மணமுடிக்கப்பட்ட அரசியரில் இவரும் ஒருவர். அதாவது அவர் காலடி வைத்த அரண்மனையில் அரசருக்கே அதிகாரம் இல்லை.

1760இல் ஒரு முயற்சி நடந்தது. ஹைதரின் கணக்குகளைப் பார்த்து வந்த காண்டே ராவைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு, அரண்மனையின் மூத்த ராணி ஹைதரைப் பிடிக்கத் திட்டமிட்டார். மராட்டியர் உதவியும் பேசி முடித்தாகிவிட்டது. ஆகஸ்டு மாதத்து இரவொன்றில் ஹைதர் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து தப்பினார். குடும்பத்தை அங்கேயே விட்டுவிட்டு, ஆனேக்கல் வழியாகக் குதிரையில் பெங்களூர் வந்து சேர்ந்தார். பெங்களூர்க் கோட்டை அவருக்குக் கதவைத் திறந்தது. திறக்காமல் போயிருந்தால் தென்னிந்திய வரலாறே வேறு பாதையில் போயிருக்கும். அடுத்த ஆண்டே நிலைமையைத் தலைகீழாக்கி ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தார் ஹைதர். காண்டே ராவின் உயிருக்காக அரண்மனைப் பெண்கள் மன்றாடினார்கள். உயிரோடு வைத்துக் கிளியைப்போல் வளர்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். சொன்னபடியே இரும்புக் கூண்டில் அடைத்துப் பாலும் சோறும் கொடுத்தார். அந்தக் கூண்டு இருந்த ஊர் நம் பெங்களூர்.

மூத்த ராணியின் தோல்வியிலிருந்து இளைய ராணி என்ன கற்றிருப்பார்? அவர் நாட்குறிப்பு எதுவும் எழுதிவைக்கவில்லை. ஆனால் பின்னாளில் அவர் எடுத்த ஒவ்வொரு முடிவும் 1760க்கு விடை சொல்வதுபோல் இருக்கிறது. அரண்மனைக்கு உள்ளே இருக்கும் ஆளை நம்பி ஒரே இரவில் முடிக்கும் சதியை அவர் அவசரப்பட்டுத் தொடங்கவில்லை. மைசூருக்கு வெளியே இருக்கும் ஒரு வல்லரசை, எழுத்தில், ஒப்பந்தத்தால் கட்டிப்போடப் பார்த்தார்.

1766இல் கணவர் இறந்தபோது லட்சுமி அம்மண்ணிக்கு இருபத்து நான்கு வயது. அடுத்து அரசரான நஞ்சராஜ உடையார் 1770இல் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த பெட்டத சாமராஜ உடையாரும் 1776இல் இறந்தார். நேர்வாரிசு இல்லாமல் போயிற்று. அப்போது ஹைதர் ஒரு காரியம் செய்தார். வில்க்ஸ் அதை விரிவாகச் சொல்கிறார். அரச குலத்துக் கிளைக் குடும்பங்களின் சிறுவர்களையெல்லாம் ஒரு கூடத்துக்கு வரவழைத்தார்கள். கூடத்தில் பொம்மைகளும் பழங்களும் இனிப்புகளும் நகைகளும் ஆயுதங்களும் பரப்பப்பட்டிருந்தன. பிள்ளைகள் ஓடிப்போய் இனிப்பையும் பொம்மையையும் அள்ளிக்கொண்டன. ஒரு சிறுவன் மட்டும் ஒரு குத்துவாளை எடுத்தான். ‘இவன்தான் ராஜா’ என்றாராம் ஹைதர். அரிக்குட்டாரத்தைச் சேர்ந்த அந்தச் சிறுவன்தான் காச சாமராஜன். அரிக்குட்டாரத்தின் இன்றைய பெயர் சாமராஜநகர்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார்கள். சிறுவனை ஹைதர் தேர்ந்தெடுத்தார், சரி. ஆனால் தேர்ந்தெடுத்தால் மட்டும் அவன் உடையார் ஆகிவிட முடியாது. ஓர் உடையார் ராணி அவனைத் தத்தெடுக்க வேண்டும். சடங்கு நடக்க வேண்டும். குலம் அதை ஏற்க வேண்டும். தத்தெடுத்தவர் லட்சுமி அம்மண்ணி. அன்றைய மைசூரில் எல்லாம் ஹைதர் கையில் இருந்தது: படை, வரி, கோட்டை, பத்தாயம். அவர் கையில் இல்லாத ஒரே அதிகாரம், அடுத்த அரசனின் தாய் யார் என்பது. ஹைதரே அந்த மரபை மதித்தார். ஒவ்வோர் ஆண்டும் தசராவில் உடையாரை மக்கள் முன் அமர்த்திக் காட்டினார். அரச குலத்தின் பெயர் அவருக்கும் தேவைப்பட்டது. அந்தத் தேவைதான் லட்சுமி அம்மண்ணியின் முதல் பலம்.

*

அதே 1776ஐ ஒட்டித்தான் கும்பினிக்குத் தூது தொடங்குகிறது.

தூது போனவர்கள் திருமலை ராவ், நாராயண ராவ் என்ற சகோதரர்கள். தமிழ் பேசும் மண்டயம் ஐயங்கார் குடும்பம். மைசூர் வரலாறுகளில் இவர்களுக்குப் பிரதானிகள் என்று பெயர். சென்னையில் அப்போது பிகட் பிரபு கவர்னர். மைசூர் ராணியின் செய்தி அவர் காதுக்கு எட்டியதாகச் சொல்லப்படும் அந்த வேளையிலேயே, 1776 ஆகஸ்டில், அவருடைய சொந்தக் கவுன்சில் உறுப்பினர்களே அவரைச் சிறையில் அடைத்தார்கள். 1777 மே மாதம் காவலிலேயே இறந்துபோனார். முதல் தூது அங்கே முடிந்தது.

ஹைதர் 1780இல் ஆற்காட்டு நவாபின் கர்நாடகச் சீமைக்குள் படையோடு இறங்கினார். பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. ஆற்காடு விழுந்தது. தஞ்சைச் சீமை சூறையாடப்பட்டது. ஆங்கிலேயர் எந்தக் கையையும் பிடித்துக்கொள்ளத் தயாராக இருந்த நேரம் அது. தஞ்சாவூரில் கும்பினியின் ரெசிடெண்டாக இருந்தவர் ஜான் சல்லிவன். திருமலை ராவ் அவரிடம் போனார். 1782 அக்டோபரில் தஞ்சாவூரில் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. கும்பினி ஹைதரிடமிருந்து மைசூர்ச் சீமையை மீட்டு உடையார் குலத்திடம் ஒப்படைக்க வேண்டும். படை முன்னேறும் ஒவ்வொரு கட்டத்திலும் ராணி தரப்பு வராகன் கணக்கில் பணம் தர வேண்டும். கோயம்புத்தூர்ச் சீமை கையில் வந்ததும் ஒரு தொகை, மலை ஏறியதும் ஒரு தொகை, மைசூர் கிடைத்ததும், ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் என்று தவணைகள். வெற்றி கிடைத்தால் பிரதானி பதவி திருமலை ராவின் குடும்பத்துக்கு.

இந்த ஒப்பந்தத்தை ராணா ஒப்பந்தம் என்பார்கள். இதில் கவனிக்க வேண்டியது, கும்பினி யாரோடு ஒப்பந்தம் செய்தது என்பதுதான். மைசூருக்கு அரசன் இருந்தான். குத்துவாள் எடுத்த அதே காச சாமராஜன். ஆனால் அவன் சிறுவன், ஹைதரின் பிடியில் இருப்பவன். அவன் பெயரில் செய்யும் ஒப்பந்தத்துக்கு மதிப்பில்லை. எனவே ராணி. காவலில் இருந்த ஒரு கைம்பெண்ணின் பெயர், தஞ்சாவூரில் எழுதப்பட்ட ஒரு காகிதத்தில் ஓர் அரசின் பெயராக நின்றது. அதிகாரம் வந்து சேருவதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே அதைச் செலுத்தும் உரிமையை லட்சுமி அம்மண்ணி இப்படித் தனக்கென்று எழுதி வாங்கிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் உயர்வு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் நான் சுட்டுவது இந்த இடத்தைத்தான். 1799இன் பட்டாபிஷேகப் பந்தலில் நடந்தது இதன் விளைவு.

அதே ஆண்டு டிசம்பர் 7ஆம் தேதி சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டையில் ஹைதர் இறந்தார். 1783 ஏப்ரலில் கர்னல் லாங் தலைமையிலான படை கரூரைப் பிடித்தது. திருமலை ராவ் உடன் இருந்தார். கரூர்க் கோட்டையில் உடையார் பெயரில் கொடி ஏற்றப்பட்டதாக மைசூர் வரலாறுகள் சொல்கின்றன. அரவக்குறிச்சி, திண்டுக்கல், தாராபுரம் எனக் கொங்குச் சீமை ஒவ்வொன்றாக விழுந்தது. ஆண்டு முடிவதற்குள் கர்னல் புல்லர்ட்டன் பாலக்காட்டையும் கோயம்புத்தூரையும் பிடித்துவிட்டார். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு மலை ஏறுவதுதான் பாக்கி.

தலைநகருக்குள்ளும் திரி பற்றியிருந்தது. திப்பு மங்களூர் முற்றுகையில் இருந்த நேரம், அஞ்சல் துறைத் தலைவர் சாமையாவும் வேறு சில அதிகாரிகளும் ஆங்கிலக் கைதிகளை விடுவித்துக் கோட்டையைப் பிடித்து உடையாரை அமர்த்தத் திட்டமிட்டார்கள். 1783 ஜூலையில், நாள் குறித்த பிறகு, விஷயம் வெளியே வந்தது. பலர் கொல்லப்பட்டார்கள். சாமையா இரும்புக் கூண்டில் அடைக்கப்பட்டார்.

திருமலை ராவின் உறவினர்கள் மீதும் அந்தக் கோபம் இறங்கியது. மேல்கோட்டை மண்டயம் ஐயங்கார் குடும்பங்கள் இன்றும் நரக சதுர்த்தசியன்று தீபாவளி கொண்டாடுவதில்லை. அந்த நாளில் தங்கள் முன்னோர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள் என்பது அவர்களின் வழிவழி நினைவு. எந்த ஆண்டு, எத்தனை பேர், எந்த இடம் என்பதில் ஆய்வாளர்களுக்குள் வழக்கு இருக்கிறது. கர்நாடக அரசியல் மேடைகளில் இந்த வழக்கு அவ்வப்போது அனல் பறக்கிறது. எண்ணிக்கையை வைத்து இரு பக்கமும் சண்டையிடும்போது, விளக்கேற்றாத வீடுகளின் துக்கம் இரு பக்கத்துக்கும் ஆயுதமாகிவிடுகிறது. அது எனக்கு வருத்தம் தருகிறது. ராணியின் தூதுக்கு விலை கொடுத்தவர்கள் இவர்கள். அந்தப்புரத்தில் இருந்த ராணிக்குச் செய்தி எட்டியபோது அவர் மனம் எப்படி இருந்திருக்கும்? அப்போதும் அவர் தூதை நிறுத்தவில்லை. அதை உறுதி என்று புகழவும் எனக்கு மனம் ஒப்பவில்லை, இரக்கமின்மை என்று பழிக்கவும் ஒப்பவில்லை.

1784 மார்ச்சில் மங்களூரில் கும்பினி திப்புவோடு சமாதானம் செய்துகொண்டது. பிடித்த ஊர்கள் எல்லாம் திரும்பிப் போயின. தஞ்சாவூர்க் காகிதம் காகிதமாகவே கிடந்தது.

*

அடுத்த வாய்ப்பு பெங்களூர் வழியாக வந்தது. 1791 மார்ச் 7இல் காரன்வாலிஸ் பிரபுவின் படை பெங்களூர்ப் பேட்டையைப் பிடித்தது. மார்ச் 21 இரவு கோட்டைச் சுவரை உடைத்து உள்ளே போனது. கில்லேதார் (கோட்டைத் தலைவர்) பகதூர் கான் வாளேந்தியபடியே சண்டையில் இறந்தார். இன்று கிருஷ்ணராஜ மார்க்கெட் பக்கம் போகிறவர்கள் கோட்டையின் மிச்சமிருக்கும் வாசலைப் பார்க்கலாம். வெளியே நெரிசல், உள்ளே ஆளரவமில்லாத கல் மதில்.

ராணியின் ஆட்கள் காரன்வாலிசையும் அணுகினார்கள். ஆனால் அவருக்கு மைசூரைப் பாதியாக்கினால் போதும், அழிக்க வேண்டியதில்லை. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை. திப்பு தன் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுத்தார், இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்பினார், அரியணையில் தொடர்ந்தார். திண்டுக்கல்லும் சேலமும் பாராமஹாலும் கும்பினிக்குப் போயின. உடையார் குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நான்கு ஆண்டுகளில் தத்து மகனும் இறந்தார், அரண்மனையும் போயிற்று. முதல் பத்தியில் சொன்ன அந்த வீட்டுக்கு ராணி வந்து சேர்ந்தார்.

நாற்பது ஆண்டுப் போராட்டத்தில் மிகக் கடினமான காலம் இந்த மூன்று ஆண்டுகள் என்று நினைக்கிறேன். இப்போது அவர் காப்பாற்ற வேண்டியது ஒரு குழந்தையை. பேரன் கிருஷ்ணராஜன் 1794 ஜூலை 14இல் பிறந்தவன். அந்தக் குழந்தை செத்துப்போனால் ஒப்பந்தங்களுக்கும் கடிதங்களுக்கும் பொருளே இல்லை. பெரியம்மை ஏற்கெனவே தந்தையைக் கொண்டுபோயிருந்தது. வெளியே திருமலை ராவ் சென்னையில் கும்பினியின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். 1798இல் கவர்னர் ஜெனரலாக வந்த வெல்லெஸ்லி, காரன்வாலிஸ் செய்ததைப்போல் பாதியில் நிறுத்தும் மனிதர் இல்லை.

1799 மே 4. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு சண்டையிட்டுக்கொண்டே இறந்தார். அடுத்து மைசூர் யாருக்கு? திப்புவின் மகன்களில் ஒருவருக்கா? முழுவதும் பங்கு போட்டுக்கொள்வதா? உடையாருக்கா? வெல்லெஸ்லி கணக்குப் போட்டார். முழுவதையும் பங்கு போட்டால் நிஜாமும் மராட்டியரும் வலுத்துவிடுவார்கள். திப்புவின் மகனை அமர்த்தினால் பகை தொடரும். கும்பினிக்கு நன்றிக்கடன்பட்ட ஒரு பழைய அரச குலம் வேண்டும். அப்படி ஒரு குலம் இன்னும் இருக்கிறது, அதற்கு வாரிசு இருக்கிறது, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அது நம்மிடம் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதைக் கும்பினிக்கு ஓயாமல் நினைவூட்டி வந்தவர் லட்சுமி அம்மண்ணி. வெல்லெஸ்லியின் முடிவு சுயநலமானது. அந்தச் சுயநலத்தில் தன் குலத்துக்கு ஓர் இடத்தைத் தயாராக வைத்திருந்தார் ராணி.

மைசூர் ஏற்பாட்டுக்காகக் கும்பினி அமர்த்திய கமிஷனர்கள் உடையார் குடும்பத்தைப் பார்க்கப் போனபோது அவர்கள் கண்டது வறுமை. ஜூன் 30ஆம் தேதி, ஐந்து வயது நிரம்ப இரண்டு வாரம் இருக்கும் சிறுவன் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாராக முடிசூட்டப்பட்டான். இடம் மைசூர். அரண்மனையில் அல்ல, பந்தலில். பழைய மைசூர்க் கோட்டையைத் திப்பு இடித்து, கல்லை நஜர்பாத்துக்குக் கொண்டுபோயிருந்தார். ஜூலை 8இல் துணைப்படை ஒப்பந்தம். லட்சுமி அம்மண்ணியும் உடையார் குடும்பத்துத் தேவாஜம்மண்ணியும் சேர்ந்து கமிஷனர்களுக்கு எழுதிய கடிதத்தில், எங்கள் அரசு நின்றுபோய் நாற்பது ஆண்டுகள் ஆகின்றன என்று நினைவூட்டி, நன்றி சொல்லி, நட்பு மாறாது என்று உறுதி கூறினார்கள்.

வெற்றியில் ஒரு முள்ளும் இருந்தது. திவானாக நியமிக்கப்பட்டவர் திருமலை ராவ் இல்லை. தமிழ்ச் சீமையில் பிறந்து, ஹைதரிடமும் திப்புவிடமும் நிதிப் பொறுப்பில் இருந்த பூர்ணையா. நாட்டின் கணக்கெல்லாம் அவர் விரல் நுனியில் இருந்தது. கும்பினிக்கு வேண்டியது அதுதான். திருமலை ராவ் 1782 ஒப்பந்தத்தைக் காட்டி வாதாடினார். பலிக்கவில்லை. உறவினர்களைப் பலிகொடுத்து வாங்கிய காகிதத்தின் பலன் அவர் குடும்பத்துக்கு வரவில்லை. ராணி அவருக்காக எவ்வளவு தூரம் போராட முடிந்திருக்கும்? எல்லா முக்கிய முடிவும் ரெசிடெண்டின் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

ராணியின் கடைசிக் காலத்திலிருந்து ஓர் ஓவியம் மிஞ்சியிருக்கிறது. அயர்லாந்து ஓவியர் தாமஸ் ஹிக்கி 1805இல் தீட்டியது. பட்டும் நகையும் அணிந்த மூன்று பெண்கள். இவர்கள் நாட்டியப் பெண்கள் என்றே நெடுங்காலம் எண்ணினார்கள். வரலாற்றாய்வாளர் நைஜெல் சான்சலர் வேறு விளக்கம் தந்தார். வலப்பக்கம் நிற்பவர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் இளைய ராணி. அம்மைப்பால் வைத்துக்கொண்ட இடத்தைக் காட்டும்படி சேலைத் தலைப்பை விலக்கியிருக்கிறார். இடப்பக்கம் நிற்பவரின் மூக்கையும் வாயையும் சுற்றி உள்ள நிறமாற்றம், பழைய முறையில் அம்மை ஏற்றிக்கொண்டதன் தடம். நடுவில் இருப்பவர் லட்சுமி அம்மண்ணி. மைசூர் அரச குடும்பமே புதிய அம்மைப்பாலை ஏற்றுக்கொண்டது என்று மக்களுக்கும் கும்பினிக்கும் காட்டும் படம் இது என்பது சான்சலரின் வாதம்.

அவர் சொல்வது சரியானால், இதைவிடப் பொருத்தமான ஓவியம் இந்த ராணிக்கு வாய்த்திருக்க முடியாது. தத்து மகனைப் பெரியம்மைக்குக் கொடுத்தவர். வாரிசின் உயிர்தான் அரசு என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர். இந்தியாவுக்கு அம்மைப்பால் வந்தது 1802இல்தான். மாட்டிலிருந்து வந்த, அந்நியர் கொண்டுவந்த ஒரு பொருளை உடம்பில் ஏற்றுவதா என்று நாடெங்கும் மக்கள் தயங்கிய காலத்தில், அரண்மனைப் பெண்கள் அதற்குக் கையை நீட்டினார்கள்.

அந்நியரை நாட்டுக்குள் அழைத்தவர் என்று இவரைச் சொல்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் 1782இல் மைசூரில் யாரிடமும் இந்தியா என்ற நாட்டின் கணக்கு இல்லை. ஹைதரும் திப்புவும் பிரெஞ்சுக்காரர்களை அழைத்தார்கள், நிஜாமும் மராட்டியரும் ஆங்கிலேயரோடு சேர்ந்தார்கள். லட்சுமி அம்மண்ணி தன் குலத்துக்காகக் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் மைசூர் மக்கள் கொடுத்த தொகை ஆண்டுக்கு 7 லட்சம் நட்சத்திர வராகன். துணைப்படையைப் பராமரிக்கக் கும்பினிக்குக் கட்ட வேண்டிய கப்பம் அது. அந்தச் சுமை மைசூர்க் குடியானவர்களின் வரியில் பல தலைமுறைகளுக்கு இருந்தது. ராணியின் சாதனையைப் போற்றும்போது இதை விட்டுவிட்டால் நான் நேர்மையாக எழுதியவன் ஆகமாட்டேன்.

நம் கதைக்கு முக்கியமும் இந்தத் துணைப்படைதான். அது முதலில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் முகாமிட்டது. காவிரித் தீவின் விஷக்காய்ச்சலில் சிப்பாய்கள் கொத்துக்கொத்தாகப் படுத்தார்கள். மேட்டு நிலமும் நல்ல காற்றும் உள்ள இடம் தேடி, 1809இல் படையைப் பெங்களூருக்கு மாற்றினார்கள். பேட்டைக்குள் அல்ல, அதற்குக் கிழக்கே, அல்சூர் ஏரியை ஒட்டி. சென்னை ராஜதானியின் படை என்பதால் சிப்பாய்களோடு தமிழும் தெலுங்கும் பேசும் மக்கள் வந்தார்கள். அடுத்த ஆண்டு, 1810இல், லட்சுமி அம்மண்ணி இறந்தார். 1811இல் பூர்ணையா பதவியை விட்டு விலகினார், மறு ஆண்டு மார்ச்சில் அவரும் மறைந்தார். தாத்தா காலத்து வழக்குகள் எதுவும் தெரியாத பதினாறு பதினேழு வயது இளைஞர் மைசூரைத் தானே ஆளத் தொடங்கினார். அவரிடமிருந்து ஆங்கிலேயர் ஆட்சியைப் பறித்துக்கொண்ட 1831 வரையிலான கதை தனி.

நமக்கு வேண்டியது அல்சூர். படைக்குப் பின்னால் வந்த மளிகைக்காரர்கள், கட்டடம் கட்டியவர்கள், குதிரை லாயத்து ஆட்கள், சமையல்காரர்கள், துணி வெளுப்பவர்கள், தோட்டக்காரர்கள் யார், எந்த ஊர்களிலிருந்து புறப்பட்டார்கள், தண்டின் எல்லைக்கு வெளியே வயலும் ஏரியுமாய் இருந்த தோம்லூர், ஈஜிபுரா பக்கத்து ஊர்க்காரர்களோடு அவர்களுக்கு என்ன உறவு ஏற்பட்டது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)